செவலை: பந்தயத்திலிருந்து வந்த குதிரையோடு 14 மாதங்கள்

முதல் வாரத்தில் மூன்று முறை செவலை மேல் ஏறினேன். மூன்று முறையும் முன்கை கடுகடுக்க இறங்கினேன். நிறுத்துவதற்காக லகானைப் பிடித்தால் ஓடியது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஓடியது. மூன்றாம் நாள் வேலியோரம் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடம் பந்தயக் குதிரைகளுக்குக் காலை ஓட்டம் கொடுத்தவர், என்னைவிட நன்றாக மூத்தவர். அவர் சிரித்தேவிட்டார்.

"தம்பி, நீங்க பிடிக்கிறதாலதான் அது ஓடுது. விட்டுப் பாருங்க."

"விட்டா எங்கயாவது போயிடுமே அண்ணே?"

"போகாது. சாஞ்சு ஓட ஒரு பிடிமானம் வேணும் அதுக்கு. நீங்கதான் அதைக் குடுத்துட்டு இருக்கீங்க."

விட்டேன். கழுத்தை நீட்டி நாலைந்து தாவல் போனது. அப்புறம் டிராட்டுக்கு, அதாவது மெதுவான ஓட்டத்துக்கு, இறங்கியது, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது, நடக்க ஆரம்பித்தது. டிரெஸ்ஸாஜுக்கும் (சொன்னபடி சீராக நடந்தும் ஓடியும் காட்டும் குதிரையேற்றப் போட்டி) வேலி தாண்டுதலுக்கும் செவலையைப் பழக்க அடுத்த 14 மாதம் நாங்கள் செய்த வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு நிமிடத்திலிருந்து வந்ததுதான். நடுவில் ஒரு முறை அதைச் சுத்தமாக மறந்தும் போனேன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

வந்தபோது

செவலை பந்தயத்துக்கென வளர்க்கும் தரோபிரெட் இனம், காயடித்த ஆண் குதிரை. பந்தயத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது. நிறத்தைப் பார்த்து லாயத்தில் வைத்த பெயர்தான் நிலைத்தது. வந்தபோது வயது 6. உயரம் 163 சென்டிமீட்டர், குதிரைக்காரர்கள் கணக்கில் 16 கை. இரண்டு வயதில் பயிற்சிக்குப் போய், மூன்று பருவம் ஓடி, வேகம் போதவில்லை என்று ஒதுக்கப்பட்டது.

வேகம் போதாமல் ஒதுக்கப்பட்டது எங்களுக்கு அதிர்ஷ்டம். பந்தயத்தை விட்டு வரும் குதிரைகளில் பல, முன்னங்காலின் பின்பக்கத் தசைநார் கிழிந்து ஆறிய நிலையில் வரும். ஆறிய இடத்தில் உண்டாகும் தழும்புக்குப் பழைய நெகிழ்வு இருப்பதில்லை. அப்படிப்பட்ட குதிரை டிரெஸ்ஸாஜுக்கு நன்றாகவே வரலாம். தாண்டுதலில்தான் யோசித்து எல்லை வைக்க வேண்டும். செவலையின் இரண்டு முன்னங்காலையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தன.

மற்றபடி குறைகள் இருந்தன. எடை 455 கிலோ, விலா எண்ணலாம். முடி மங்கிக் கிடந்தது. முன்குளம்புகளில் முனை நீண்டு, குதிப்பக்கம் தாழ்ந்து, அடிப்பாகம் மெலிந்திருந்தது. கல் மேல் கால் பட்டால் நொண்டிற்று. பந்தயத்துக்கான லேசான அலுமினிய லாடத்தைக் கழற்றிவிட்டு எஃகு லாடம் போட்டோம். 5 வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து கொஞ்சம் கொஞ்சமாக முனையைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். முனை முழுக்கப் புதிதாக வளர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும், இதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

வயிறு

நான்காம் நாள் கால்நடை மருத்துவர் வந்தார். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது செவலை பல்லைக் காட்டித் திரும்புவதை அவரிடம் சொன்னேன். 'கெட்ட பழக்கம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினேன். அவர் பழக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்த்தார். இரைப்பையின் மேல்பாதியில் புண்கள்.

குதிரையின் இரைப்பை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் வரும். மேய்ச்சலில் இருக்கும் குதிரை நாளில் பெரும்பகுதி மென்றுகொண்டே இருப்பதால் இரண்டும் சமமாகிவிடுகிறது. பந்தய லாயத்தில் தானியம் அதிகம், வைக்கோல் குறைவு, அடைபட்டிருக்கும் நேரம் மிக அதிகம். இரைப்பையின் மேல்பாதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் கிடையாது. வேகமாக ஓடும்போது வயிறு நெருக்கப்பட்டு அமிலம் அங்கே தெறிக்கிறது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருக்கிறது என்பது கால்நடை மருத்துவத்தில் இன்று தெரிந்த விஷயம்தான்.

அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்து 28 நாள், அப்புறம் படிப்படியாகக் குறைப்பு. தானியத்தை இரண்டு வாரத்தில் மெல்லக் குறைத்து, உலர்தீவனத்தை நாளுக்கு 9 கிலோ வரை ஏற்றினோம்; உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். வேலைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு கை குதிரைமசால் என்ற தீவனப்பயிர். அதில் கால்சியம் அதிகம் என்பதால் அமிலத்தைத் தணிக்கும், வயிற்றில் ஒரு மெத்தை போலவும் கிடக்கும். இந்தக் கடைசிப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை.

ஆறு வாரம் யாரும் மேலே ஏறவில்லை. பகல் முழுக்க இன்னொரு வயதான குதிரையோடு திறந்த வெளியில். முதல் நாலு நாள் வேலியோரமாகவே நடந்து மண்ணில் பாதை போட்டுவிட்டது. ஐந்தாம் நாள் படுத்து உருண்டது. ஆறாம் வாரம் வயிற்றுவாரைக் கட்டியபோது திரும்பியது, ஆனால் கடிக்க வரவில்லை.

நிற்பது

ஏற்றப்படி ஒன்றின் பக்கத்தில் குதிரை நிற்கும், நாம் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) கால் வைத்து ஏறுவோம் என்பதை நாம் இயல்பான காரியமாக நினைக்கிறோம். செவலைக்கு அது தெரியவே தெரியாது. பந்தயத்தில் ஓட்டும் ஜாக்கியை யாராவது காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், குதிரை அப்போதும் நடந்துகொண்டிருக்கும். மேலே எடை விழுந்தால் போ என்று அர்த்தம்.

ஆகவே இரண்டு வாரம் ஏற்றப்படியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தோம். படியில் ஏறி நிற்பேன், இறங்குவேன். சேணத்தைத் தட்டுவேன், இறங்குவேன். வயிற்றுப் பக்கமாகச் சேணத்தின் மேல் சாய்ந்து கிடப்பேன், இறங்குவேன். நகர்ந்தால் திட்டில்லை, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடம். நின்றால் ஒரு துண்டு கேரட். பதினோராம் நாள் வலது காலை மறுபக்கம் போட்டு உட்கார்ந்தேன். செவலை திரும்பி என் பூட்ஸை முகர்ந்தது. கேரட்டுக்காக.

கால் விஷயமும் இப்படித்தான். குட்டை அங்கவடியில் எழும்பி நிற்கும் ஜாக்கியின் கால் குதிரையின் விலாவைச் சுற்றி வளைப்பதில்லை, பிட்டமும் முதுகில் படுவதில்லை. நீளக் காலை முதல் முறை விலாவில் வைத்தபோது செவலை விருட்டென்று முன்னால் பாய்ந்தது. தரையில் நின்றுகொண்டே, கால் படும் இடத்தில் விரல் நுனியால் அழுத்தி, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்ததும் விரலை எடுத்து, அதையே நாளுக்குப் பத்து நிமிடம் என்று சொல்லிக்கொடுத்தோம். மேலே ஏறிய பின்னும் முதல் மாதம் முதுகில் முழு எடையை வைக்காமல் பாதி எழும்பியே ஓட்டினேன்.

பிடித்தால் ஓடு

இனி லகான். டிரெஸ்ஸாஜ் பயிற்சியில் ஜெர்மன் வழி வந்த ஆறு படிகள் உண்டு: சீரான தாளம், இறுக்கமின்மை, லகானோடு தொடர்பு, உந்துதல், நேராகப் போவது, உடலைத் திரட்டுவது. படிகளை வரிசையாக ஏற வேண்டும் என்பார்கள். பந்தயக் குதிரையில் மூன்றாவது படிதான் முதல் இரண்டையும் கெடுக்கிறது என்பது என் அனுபவம்.

ஜாக்கி இரண்டு லகானையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு, குதிரையின் கழுத்தில் ஊன்றிக்கொள்கிறார். குதிரை அந்த உறுதியான பிடியில் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறது. பிடி எவ்வளவு உறுதியோ அவ்வளவு சமநிலை. ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி எழுந்து நின்று லகானைத் தளர்த்துகிறார். அது ஓட்டம் முடிந்தது என்பதற்கான அடையாளம். இரண்டு வயதிலிருந்து தினமும் இந்தப் பாடத்தைப் படித்த குதிரையிடம் நான் லகானை இழுத்து 'நில்' என்றேன். அது தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் சரியாகவே கேட்டு நடந்தது.

புதிய அர்த்தத்தை லகானில் தொடங்காமல் குரலில் தொடங்கினோம். நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு, 'ஹோ' என்ற ஒரே சொல். அதற்கு நின்ற பின், மேலே ஏறி அதே சொல்லோடு மூச்சை வெளியே விட்டு இடுப்பைக் கனமாக்குவது. அதற்கும் நின்ற பின், சொல்லோடு விரல்களை மூடித் திறப்பது. மூடுவது ஒரு நொடி, திறப்பது உடனே. பத்து அடி நடை, நிற்பது, பத்து அடி நடை, நிற்பது. பார்ப்பவருக்கு இதைப்போல் சலிப்பூட்டும் காட்சி கிடையாது. நான்கு வாரம் இதுதான் செய்தோம். இடையே பத்து நிமிடம் நீள லகானில் வெளியே உலாவப் போவோம்.

மாற்றம் தெரிந்த நாள் நினைவிருக்கிறது. டிராட்டில் 20 மீட்டர் வட்டம். விரலை மூடினேன். இதுவரை அந்த நேரத்தில் கழுத்தின் அடித்தசை கயிறு போல் புடைத்துக்கொள்ளும். அன்று புடைக்கவில்லை. மேல்தசை அசைந்தது, தாடை இளகி ஒரு முறை மென்றது, உதட்டோரம் நுரை. பின்னங்கால் கொஞ்சம் உள்ளே வந்து தாளம் மெதுவானது. ஏழெட்டு அடிதான். நடைக்கு இறக்கி, லகானை விட்டு, அன்றைக்கு அதோடு முடித்தேன்.

இடது பக்கம்

செவலை ஓடிய ஓடுபாதை வலச்சுற்று. அதனால் வலது முன்னங்கால் முந்தும் கேன்டரில் (டிராட்டைவிட வேகமான தாவல் ஓட்டம்) வளைவது கைவந்த கலை. இடது வட்டத்தில் கேன்டர் கேட்டால் வலது காலே முந்தியது, இல்லையென்றால் தோளை வெளியே சரித்துக்கொண்டு டிராட்டில் விரைந்தது. நேர்ப்பாதையில் இடது காலுக்கு மாறத் தெரியும். பந்தயக் குதிரைகள் களைப்பாற நேர்ப்பாதையில் காலை மாற்றிக்கொள்ளும். வளைவில் இடது கால்தான் அதற்குப் புதிது. ஓடுபாதையின் அகன்ற வளைவையும் 20 மீட்டர் வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

வட்டத்தை மறந்துவிட்டு, களத்தின் நீளப் பக்கத்தில் இடதுபுறமாக ஒரு தரைக்கம்பைச் சாய்த்துப் போட்டோம். கம்பைத் தாண்டும் கணத்தில் கேன்டர் கேட்டால் இடது கால் தானாக முந்தியது. ஒரு பக்கத்துக்கு மேல் கேட்பதில்லை. மூன்றாம் மாதம் ஆரம்பித்தது, ஐந்தாம் மாதம் வட்டத்தில் வந்தது. இன்றும் இடது கேன்டர் வலதைவிட ஒரு மாற்றுக் குறைவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. நேர்க்கோட்டில் நான் கவனக்குறைவாக எடையை மாற்றி உட்கார்ந்தால் செவலை அந்தரத்திலேயே காலை மாற்றிவிடும். மற்றக் குதிரைகளுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் வித்தை! டிரெஸ்ஸாஜில் கேட்காமல் மாற்றினால் மதிப்பெண் போகும், ஆகவே அங்கே நான் அசையாமல் உட்காரப் பழக வேண்டியிருந்தது. தாண்டுதலில் வேலிக்கு வேலி திசை மாறும்போது அதே பழக்கம் வரமாக வந்து சேர்ந்தது.

கம்பும் வேலியும்

ஐந்தாம் மாதம் தரைக்கம்புகள். டிராட்டுக்கு 1.3 மீட்டர் இடைவெளியில் நான்கு. முதல் முறை நான்கையும் ஒரே தாவலில் தாண்டப் பார்த்தது. மூன்றாவது கம்பில் இறங்கியது. ஒற்றைக் கம்பிலிருந்து ஆரம்பித்து ஒரு வாரத்தில் நான்குக்கு வந்தோம். அப்புறம் குறுக்காகப் போட்ட சின்ன வேலி, அதற்கு 2.7 மீட்டர் முன்னால் ஒரு தரைக்கம்பு. டிராட்டில் வந்து கம்பைக் கடந்து ஒரு தாவல்.

தாண்டுவது செவலைக்குப் பிரச்சினையே இல்லை. முழங்காலை அழகாக மடிக்கும். பிரச்சினை இறங்கிய பின். தரையில் பட்டதும் பந்தயம் தொடங்கிவிட்டதாக நினைத்து ஓடியது.

இங்கேதான் நான் மறந்தேன். ஆறாம் மாதத் தொடக்கத்தில், லகானோடு சேர்த்து வாயில் போடும் பிட்டில், மென்மையான ஸ்னாஃபிள் வகையை எடுத்துவிட்டுக் கடினமான ஒன்றைப் போட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் பலித்தது போலிருந்தது. மூன்றாம் நாள் வேலிக்கு முன்னால் தலையைத் தூக்கி, முதுகைக் குழித்து, பின்னங்காலால் கம்பைத் தட்டியது. ஐந்தாம் நாள் இறங்கியதும் துள்ளி என்னைக் கீழே போட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது வேலியோரம் பார்த்தேன். அண்ணன் அன்றைக்கு இல்லை. நல்லவேளை.

பிட்டைக் கழற்றினேன். ஆனால் துள்ளல் நிற்கவில்லை, தரைக்கம்பிலும் துள்ளியது. அப்போதுதான் சேணத்தைச் சந்தேகித்தோம். ஆறு மாதத்தில் செவலை 40 கிலோ கூடியிருந்தது. தோளுக்குப் பின்னால் குழியாக இருந்த இடத்தில் தசை நிரம்பிவிட்டது. வந்தபோது அளவெடுத்துப் பொருத்திய சேணம் இப்போது இரண்டு பக்கமும் கவ்வியது. வேலை முடித்துச் சேணத்தை எடுத்தால் முதுகெல்லாம் வியர்வை, தோளுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இரண்டு. அந்தத் திட்டுகளை நான் பல நாளாகத் தினமும் துடைத்திருக்கிறேன். அழுத்தம் விழும் இடத்தில் வியர்வை வராது என்பது எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம். கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

சேணத்தின் சட்டத்தை அகலமாக்கினோம். முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று உரசவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். தரோபிரெட்டுகளில் அது அடிக்கடி வரும் கோளாறு. மூன்று வாரம் ஓய்வு, மூன்று வாரம் நடையும் டிராட்டும் மட்டும். ஆறு வாரம் போயிற்று. இப்போது எட்டு வாரத்துக்கு ஒரு முறை சேணத்தைப் பார்க்கிறோம்.

எண்ணிக்கை

திரும்பி வந்தபோது ஓட்டத்தை அடக்குவதை விட்டுவிட்டு, தாவலின் நீளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். தரோபிரெட் முழு கேலப்பில் (உச்ச வேக ஓட்டத்தில்) ஒரு தாவலுக்கு 6 மீட்டருக்கு மேல் கடக்கும். தாண்டுதல் களங்களில் வேலிகளுக்கிடையே கணக்கு வைப்பது ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 3.6 மீட்டர். அதாவது செவலை தன் தாவலைப் பாதி அளவுக்குச் சுருக்க வேண்டும்.

18 மீட்டர் இடைவெளியில் இரண்டு தரைக்கம்பு. இறங்குவதற்கும் எழும்புவதற்குமாக ஒரு தாவல் போக, நடுவே நான்கு தாவல் வர வேண்டும். சத்தமாக எண்ணினேன்: ஒண்ணு, ரெண்டு, மூணு, அவ்வளவுதான், கம்பு வந்துவிட்டது. மூன்றிலேயே முடித்துவிடுகிறது. நான் லகானை இறுக்கிப் பிடிக்கவில்லை. கம்புக்கு அப்பால் எப்போதும் ஒரு பெரிய வட்டம், வட்டத்தில் மூச்சு, விரல், 'ஹோ', மறுபடி வரிசை. இரண்டாம் வாரம் நான்கு வந்தது. ஒரு மாதம் கழித்து அதே 18 மீட்டரில் ஐந்து, அடுத்த சுற்றில் நான்கு, மறுபடி ஐந்து. ஒன்பதாம் மாதம் கம்புகளின் இடத்தில் 70 சென்டிமீட்டர் வேலிகள் நின்றன. உயரத்தைச் செவலை கவனித்ததாகவே தெரியவில்லை.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை என்றதும் யாராவது ஒருவர் டச் ஆஃப் கிளாஸைப் பற்றிச் சொல்வார். பந்தயத்தில் ஒன்றும் சாதிக்காத சின்ன உருவப் பெட்டைக் குதிரை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸ் அதன் மேல் ஏறித் தனிநபர், குழு இரண்டிலும் தங்கம் வென்றார். உண்மைதான், நல்ல கதையும்கூட. ஆனால் அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாம் மாதம் ஒரு மீட்டர் வேலி போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது

பதினோராம் மாதம் 20-க்கு 40 மீட்டர் களத்தில் முதல் டிரெஸ்ஸாஜ் தேர்வு. நீள லகானில் நடைக்குப் பத்துக்கு 7.5 கிடைத்தது. தரோபிரெட்டின் நீட்டி வைக்கும் நடை பிறவிச் சொத்து, எங்கள் உழைப்பு அதில் கொஞ்சம்தான். இடது கேன்டர் வட்டத்துக்கு 5. 'தொடர்பு நிலையற்றது' என்று நடுவர் எழுதியிருந்தார், சரியாகவே எழுதியிருந்தார். எடை இப்போது 505 கிலோ. பக்கவாட்டு அசைவுகளில் தோளை உள்ளே கொண்டுவருவது வரை வந்திருக்கிறோம், வலப்பக்கம் சுலபமாக, இடப்பக்கம் பேரம் பேசி.

தீராதவை இரண்டு. தயாராகும் களத்தில் பின்னாலிருந்து இன்னொரு குதிரை கேன்டரில் முந்தினால் செவலையின் உடம்பு ஒரு கணம் பந்தயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும். ஓரமாக ஒதுங்கி நடக்க வைப்பதைத் தவிர வேறு வழி கண்டுபிடிக்கவில்லை. இன்னொன்று மணி. தாண்டுதல் போட்டியில் சுற்றைத் தொடங்கலாம் என்று மணி அடிப்பார்கள், அதிலிருந்து 45 நொடி. முதல் போட்டியில் மணி கேட்டதும் செவலை நடுங்கி, எந்த வேலி என்று பார்க்காமல் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரம், தீவனத் தொட்டியில் தீவனம் விழும்போதெல்லாம் லாயத்தில் ஒரு சின்ன மணியை அடித்தோம்.

பதினான்காம் மாதம் 90 சென்டிமீட்டர் சுற்று. மணி அடித்தது. செவலை காதை நிமிர்த்தி என்னவோ எதிர்பார்த்துத் தலையைக் கீழே தாழ்த்தியது, தொட்டியைத் தேடியிருக்கும். லகானை ஒரு கை அளவு விட்டேன். நடந்தோம், டிராட், கேன்டர். ஐந்தாவது வேலிக்கு நான்கு தாவல் எண்ண வேண்டிய இடத்தில் நான் அவசரப்பட்டு மூன்றரையில் கிளப்பினேன், கம்பு விழுந்தது, நான்கு தண்டப் புள்ளி. மற்ற வேலிகள் நின்றன. வெளியே வந்தபோது அண்ணன் லகானைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சாவதுல என்ன தம்பி அவசரம்?" என்று கேட்டார். அடுத்த வாரம் மறுபடி 18 மீட்டரில் தரைக்கம்பு போட்டிருக்கிறோம். இந்த முறை எண்ணப் பழகுவது நான்.